றேடியோக் கொம்பனியின் பங்குகள்

எழுபதுகளின் நடுவில், யாழ்ப்பாணப் பட்டினத்தில் என் மனைவியின் தம்பி ஒரு சிறிய றேடியோக் கொம்பனி நடத்தினான். பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால், ஈயம் உருகும் வாசனை வாசலிலேயே வரவேற்கும். உள்ளே எப்போதும் ஏதாவதொரு றேடியோ பாடிக்கொண்டிருக்கும். இப்போதும் அந்த வாசனை நினைவுக்கு வந்தால் மனம் இளகிவிடுகிறது.

மிளகளவு டிரான்சிஸ்டர்களை இறக்குமதிப் பெர்மிட்டில் தருவித்து, அங்கே பாகம் பாகமாய்ச் சேர்த்து றேடியோ பூட்டினார்கள். முழு றேடியோ வெளியிலிருந்து வராத காலம். பூட்டியதெல்லாம் விற்றது. வாத்தியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நானும் பங்கு வாங்கினேன். மூத்த மகளின் கலியாணப் பேச்சுக்காலில், காணிக்குப் பதில் அந்தப் பங்குகளையே சீதனமாகத் தருவதென்று முடிவாயிற்று.

பிறகு அரசாங்கம் மாறி, பெர்மிட் இல்லாமலே இறக்குமதி திறந்தது. டிரான்சிஸ்டர் விலை விழுந்ததென்று கேள்விப்பட்டு, சந்தோஷமாகக் கொம்பனிக்குப் போனேன்.

"சாமான் மலிஞ்சிட்டுது. இனி லாபந்தானே மச்சான்?"

"இனி வாங்கிறவனுக்கு லாபம் அத்தான்."

பின்னறையைத் திறந்து காட்டினான். கூரைவரை பெட்டிகள். அடுத்த பெர்மிட் கிடைக்குமோ என்ற பயத்தில், மாரிக்குப் பனங்கிழங்கு காயவைத்து ஒடியல் சேர்ப்பதுபோல அள்ளி அடுக்கியிருந்தான். அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான்.

"உதெல்லாம் பழைய விலைக்கு வாங்கினது. உதிலை பூட்டினால், கப்பலிலை வாற றேடியோவிலும் பாக்க விலை கூட. ஆர் வாங்குவினம்?"

லாபம் நின்றது. பங்கை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. செய்தி எங்களுக்கு முன்னரே சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தார்.

"மாஸ்டர், உங்கடை பங்கும் றேடியோ மாதிரித்தான். ஒருநாள் பாட்டு, ஒருநாள் இரைச்சல். காணியெண்டால் கிடந்த இடத்திலை கிடக்கும்."

"எங்களிட்டைக் காணியெண்டு இந்த வீட்டு வளவு மட்டுந்தான்."

"அப்ப அதைக் கதைப்பம்."

குசினிக் கதவடியில் மகளின் நிழல் அசையாமல் நின்றது; அவள் கையைப் பிடித்தபடி எட்டு வயது இளையவளின் நிழலும். அந்தக் கிழமையே நொத்தாரிசிடம் போய், வீட்டையும் வளவையும் அவள் பேருக்கு எழுதினேன். கலியாணம் நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள். நாங்கள் அவள் வீட்டில் இருக்கிறோம்.

மச்சான் கடைசியாகப் பூட்டித் தந்த றேடியோ இன்றும் தெளிவாகப் பாடுகிறது. செய்தியில் ஏதோவொன்றின் விலை இறங்கியதென்றால் மட்டும் என் கை தானாகவே அதை நிறுத்திவிடுகிறது. இளையவளுக்கு இப்போது பதினாறு வயது.