மஞ்சள் புருவக் குருவிக்கு இரண்டு சாட்சி

பின்லாந்தின் வடக்கே, எங்கள் ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர் உர்போ. விடிவதற்கு முன்பே காட்டுச் சாலையில் போவதால் அவர் கண்ணில் படாத பறவை இல்லை. சாம்பல் ஆந்தை, வெள்ளை வல்லூறு என்று பார்த்ததையெல்லாம் பறவைச் சங்கத்துக்கு எழுதிப் போடுவார். பதினோரு குளிர்காலமாக ஒரே பதில்தான்: ஏற்பதற்கில்லை.

சங்கத் தலைவர் ஆர்மாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தப் பறவையைப் பதிவு செய்யவும் உறுப்பினர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி எழுதியவர். உறுப்பினராவதற்குப் பறவைகளின் லத்தீன் பெயர்களில் தேர்வு உண்டு. உர்போ இரண்டு முறை எழுதித் தோற்றவர்.

சென்ற ஜனவரியில், சைபீரியாவிலிருந்து வழிதவறிய மஞ்சள் புருவக் குருவி ஒன்று உர்போவின் முற்றத்தில் இறங்கியது. அங்கே பறவைகளுக்காகத் தொங்கவிட்டிருந்த கொழுப்புக் கட்டியைக் கொத்திப் பார்த்தது. பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது.

"ஏன் உர்போ, சங்கத்துக்கு எழுதலையா?" என்று மனைவி ஹெல்வி கேட்டார்.

"எதுக்கு? என் கண்ணுதான் செல்லாதே. பாவம், அது நிம்மதியா சாப்பிடட்டும்."

ஹெல்வியால் சும்மா இருக்க முடியவில்லை. கடையில் சொல்லிவிட்டார். மறுநாள் நண்பகலில் ஆர்மாஸ் வந்து நின்றார். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி உறைகுளிர். அவர் பட்டியலில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பறவைகள், இது முந்நூறாவது. கொழுப்புக்குப் பக்கத்திலேயே கேமராவோடு இரண்டு மணி நேரம் நின்றதால் குருவி வரவில்லை. மீசை உறைந்தது, கேமராவும் செத்தது. ஹெல்வி காப்பிக்கு உள்ளே கூப்பிட்டார். அவர் உட்கார்ந்ததும் குருவி வந்தது. சன்னல் வழியே பார்த்த ஆர்மாஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உர்போ, நீயும் பார்த்தேல்ல?"

"இருபது நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் வாத்தியாரே."

"அப்ப சாட்சிக் கையெழுத்துப் போடு."

"போடலாம். நான்தான் உறுப்பினர் இல்லையே."

ஆர்மாஸ் சர்க்கரை போடாத காப்பியை வெகுநேரம் கலக்கினார்.

"அவசரம்னா தலைவரே உறுப்பினரைச் சேர்த்துக்கலாம்."

"அப்படி விதி இருக்கா?"

"பேனா இருக்கா?"

சமையலறை மேசையிலேயே விதி பிறந்தது; உர்போ உறுப்பினரானார். முந்நூறு நிறைவேறியது. மற்ற உறுப்பினர்கள் வந்து சேருமுன் குருவி பறந்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் ஆர்மாஸின் படம் வந்தது. குருவியின் படம்தான் யாரிடமும் இல்லை.

உர்போ இப்போது சங்கத்தின் சரிபார்ப்பாளர். யார் எழுதினாலும் பனி தள்ளும் வண்டியோடு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார். போகிற வழியெல்லாம் பனியும் விலகிவிடுகிறது. இந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் முப்பத்தேழு வீட்டு வாசல்களில் அபூர்வப் பறவை தென்பட்டிருக்கிறது. அதில் ஒன்று என் வீடு.