படிக்காத துண்டுச் சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். பேசச் சொன்னது பத்து நிமிடம்.

இதில் என்ன புதுசு என்கிறீர்களா? அதுவும் சரிதான். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மைக்கைக் கொடுப்பது உங்கள் பாடு, திரும்ப வாங்குவது உங்கள் சாமர்த்தியம்... இப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் இந்த வாரம் அதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

சென்னையில் ஒரு நவீன நடனக் குழு. ஊர் ஊராகப் போய்த் தங்கள் புதிய நடனங்களை ஆடிக் காட்டுகிறார்கள். சலங்கை கிடையாது, நகை கிடையாது, புராணக் கதையும் கிடையாது. சாதாரண சட்டை பேன்ட், வெறுங்கால், அவ்வளவுதான். திருச்சியில் ஆடிவிட்டு அரியலூருக்கு வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. மொத்தம் மூன்று நடனங்கள்.

அவர்களை வரவழைத்த நண்பர், பெரம்பலூரில் சும்மா இருந்த என்னைச் சிறப்பு விருந்தினர் ஆக்கிவிட்டார்.

"நம்ம சனங்களுக்கு இது புதுசு சார். நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசி வெளங்க வச்சுட்டீங்கன்னா போதும்" என்றார்.

நவீன நடனம் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாத விஷயத்தைப் பத்து நிமிடத்தில் பேசி முடிக்க முடியுமா? அதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே!

மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரம் பாதி காய்ந்து தொங்கியது. அதன் கீழே, ஆட வேண்டியவர்கள் நிற்க வேண்டிய இடத்தில், நாங்கள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. ஆடுகிறவர்கள் பக்கவாட்டுக் கதவோரம் கைகாலை நீட்டி மடக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லாம் முடிந்து என் கைக்கு மைக் வந்தபோது நாலே முக்கால்.

ஆரம்பித்தேன். உடம்பும் ஒரு மொழி என்றேன். அதற்கு உதாரணமாக எங்கள் தெரு டிராஃபிக் போலீஸ்காரரைச் சொன்னேன். "எனக்குத் தெரிந்த ஒரே நடனம், முட்டி வலியோடு மாடிப்படி ஏறுவது" என்றேன். சிரித்தார்கள். கடைசி வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கைகூடத் தட்டினார். போதாதா? சிரிப்பைக் கேட்ட பிறகு உட்காருகிற பேச்சாளனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கதவோரம் சாம்பல் நிறச் சட்டையில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லையே, நமக்கும் ஒரு ரசிகை என்று நினைத்துக்கொண்டேன். என் தலைக்கு நேர் மேலே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது எனக்குத் தெரியாது.

அப்போதுதான் துண்டுச் சீட்டு வந்தது.

கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். நீட்டிப் பேசினால் யாராவது குனிந்து வந்து ஒரு சீட்டை மேஜையில் வைப்பார்கள். 'நேரமாகிறது', 'முடிக்கவும்'... வேறென்ன எழுதியிருக்கப் போகிறது? அதை நான் பிரித்துப் பார்ப்பதே இல்லை. "சீட்டு வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று சொல்லி மடித்தபடியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கும் சிரித்தார்கள். அந்த ஒரே ஒரு விஷயம் இன்னும் இருபது நிமிடம் போனது.

அப்புறம் முதல் நடனம். மரியாதைக்கு முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக இருந்தது, நான் விளக்கியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டாவது தொடங்கியபோது, "இன்னொரு புரோகிராம் இருக்கு" என்று நண்பரின் காதில் சொல்லிவிட்டு நழுவினேன். ஒரு புரோகிராமும் இல்லை. ஆறே கால் பஸ்ஸைப் பிடித்தால் சீக்கிரம் பெரம்பலூர் போய்ச் சேரலாம். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டமில்லை. முன்னால், இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் டிரைவர் வேகவேகமாக ஓடிவந்து ஏறினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சார், நீங்களா? நல்லாப் பேசுனீங்க சார்."

கடைசி வரிசைக் காக்கிச் சட்டை! எனக்குக் குஷி தாங்கவில்லை.

"நீங்களும் வந்திருந்தீங்களா? டான்ஸ்னா புடிக்குமா?"

"எம் பொண்ணு ஆடுதுங்க சார்" என்றார். வண்டியைக் கிளப்பினார். "மூணாவது டான்ஸு. அது தனியா ஆடுறது. அதுவே யோசிச்சு அமைச்சதாம்."

"பாத்துட்டுத்தானே வரீங்க?"

"எங்க சார்... டூட்டி வந்துருச்சுல்ல."

ரோட்டைப் பார்த்தபடியே, என்னமோ மழை வரலை என்று சொல்வது போலச் சொன்னார்.

"இதுவரைக்கும் மேடையில அது ஆடி நான் பாத்ததில்லைங்க. மெட்ராஸு, பெங்களூருன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. நமக்கு லீவு ஏது? இப்ப நம்மூருக்கே வருதுன்னு ஒரு ட்ரிப்ப மட்டும் இன்னொருத்தர்கிட்ட மாத்திவிட்டுட்டுப் போனேன். ஆறு மணிக்குள்ள முடிஞ்சிரும்னு சொல்லுச்சு." ஹாரன் அடித்தார். "பரவால்லங்க. அந்த முட்டிவலி ஜோக்கு... சிரிச்சுட்டேன் சார்."

நான் சிரிக்கவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் என்றார். சில்லறைக்குச் சட்டைப் பையில் கைவிட்டேன். சீட்டு வந்தது.

இந்த முறை பிரித்தேன்.

'சார், எங்க அப்பா பஸ் டிரைவர். கடைசி வரிசையில இருக்காங்க. ஆறு மணிக்கு டூட்டிக்குப் போகணும். என் டான்ஸ் மூணாவது. கொஞ்சம் சீக்கிரம் முடிங்க சார், ப்ளீஸ்.'

நீங்கள் கணக்கே போட வேண்டாம், நான் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் ஆறு மணிக்கு முன்னாலேயே அந்த நடனம் முடிந்திருக்கும்.

பெரம்பலூர் வரும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கியர், ஸ்டியரிங், ஹாரன், திரும்பவும் கியர். எதிரே வரும் சிமென்ட் லாரிக்கு ஒதுங்கும்போது இடது தோள் மட்டும் லேசாகச் சாய்ந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தைந்து நிமிடம் பேசின வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இறங்கும்போது, "வரேங்க" என்றேன். "போயிட்டு வாங்க சார்" என்றார். மிகவும் வெட்கமாக இருந்தது.

நான்கு நாள் கழித்து நண்பரிடம் நம்பர் வாங்கி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அப்போது கேரளாவுக்குப் போகும் வழியில் இருந்தார்கள்.

"சீட்டை நான் படிக்கலைம்மா. மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"மேடையிலேயே தெரிஞ்சுச்சு சார், நீங்க பிரிக்கல" என்றாள். "மூணாவத முதல்ல ஆடட்டுமான்னு கேட்டுப் பாத்தேன். லைட்டு, பாட்டு எல்லாம் வரிசையா செட் பண்ணியாச்சுன்னாங்க."

"உன் டான்ஸ் எதைப் பத்திம்மா?"

"எங்க அப்பா பஸ் ஓட்டுறது சார். மேடையில ஒரு நாற்காலி மட்டும்தான். உக்காந்துக்கிட்டே ஆடுவேன்."

அசலை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"பாத்துட்டேன், ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு சார். கடைசி வரிசையில இருந்து முழுசாப் பாத்தாராம்." அப்புறம் அவளே தொடர்ந்தாள். "நான் ஆடுறப்ப அந்தக் கடைசி வரிசையத்தான் சார் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு சேரு காலியா இருந்துச்சு. சரிப்பான்னுட்டேன்."

இத்தனை மேடை ஏறியிருக்கிறேன். நான் பேசும் நேரத்தில் வேறு யாருடைய நேரம் போகிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கைதட்டலை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

போனை வைப்பதற்கு முன்னால் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதைப் பத்தி இந்த வாரம் எழுதலாமாம்மா? அப்பா படிச்சாருன்னா...?"

"படிக்கட்டும் சார். ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு நடிக்கிறது? பேரு மட்டும் போடாதீங்க."

"சரிம்மா."

"சார்... கொஞ்சம் சுருக்கமா எழுதுங்க."