அரச மரத்தடியில் ஏற்றிய கற்பூரம்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபத்தைந்துக்கு அது ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடுமே என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இடம், ஜித்ரா பட்டணத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சயாமியர் புத்தர் கோயில். எங்கள் ஊரான லூனாசிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்தவள் என் ஒரே மகள். இழுத்து வந்தவள் நான். அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. "அந்தக் கோயில் அரச மரத்த என் தங்கச்சி மக சுத்தினா. அடுத்த வருஷமே ரெட்டப் புள்ள" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நான் படிக்காதவள் அல்ல. பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். புது இடத்துக்குப் போகுமுன் அதைப் பற்றிப் படித்துக்கொள்வது என் வழக்கம். செருப்பைக் கழற்ற வேண்டும், தோள் மூடியிருக்க வேண்டும், புத்தர் பக்கம் காலை நீட்டக் கூடாது, பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் காரிலேயே மகளுக்கு ஒப்பித்தேன். மரத்தைப் பற்றி மட்டும் படிக்கவில்லை. அரச மரத்தைப் பற்றி ஒரு தமிழச்சிக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

வாசலில் சுற்றுலா வருபவர்களுக்காக ஒரு பலகை வைத்திருந்தார்கள். மகள் நின்று படித்தாள். சக்கரத்தின் எட்டு ஆரங்கள் எட்டு நல்வழிகளாம். சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாத தாமரை, தூய மனதுக்கு அடையாளமாம்.

"துன்பத்துக்குக் காரணம் ஆசைன்னு போட்டிருக்கும்மா" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம் படி. மணி ஆவுது."

மரத்தடியில் யாருமில்லை. பிக்குகள் நண்பகலுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பதால், உணவு படைக்க எல்லோரும் மண்டபத்துக்குள் போயிருந்தார்கள். அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணிகள் கட்டியிருந்தன. அவற்றில் சயாமிய எழுத்தில் பெயர்கள். நம்மூர் வேண்டுதல் துணி போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது சுற்று சுற்றினோம். ஏழாவது சுற்றில் மகள் கேட்டாள், "சுத்தி முடிச்சதும் வயித்தத் தொட்டுப் பாக்கணுமாம்மா?"

"வாய மூடிக்கிட்டு நட" என்றேன்.

கொஞ்சம் தள்ளி ஊதுபத்திக்கு மணல் தொட்டியும் மெழுகுவர்த்திக்குத் தட்டும் இருந்தன. கற்பூரத்தை எடுத்ததும் அவள் அங்கே கை காட்டினாள்.

"அங்க வைங்க லா. அங்கதான் எல்லாரும் வச்சிருக்காங்க."

"மரத்துக்குக் காட்டாம தொட்டிக்கா காட்டுவாங்க?"

வேருக்கு இடையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திக் கண்ணை மூடினேன். வயல் பக்கமிருந்து ஒரு காற்று. மகள் கத்தியதில் கண்ணைத் திறந்தபோது, துணியின் தொங்கிய முனையைப் பிடித்துக்கொண்டு நெருப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். அவள்தான் பாய்ந்து, எரியும் துணியை வெறுங்கையால் இழுத்துப் போட்டு மிதித்தாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்து ஊற்றினார். மரத்துக்குப் பெரிய சேதமில்லை, பட்டை கருத்ததோடு போயிற்று. ஆனால் கடைசியாகக் கட்டிய துணி எரிந்து, ஒரு கை அகலம்தான் மிஞ்சியது.

பெரியவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அது யாருடைய துணி என்று மலாயில் சொன்னார். ஜித்ரா சந்தையில் காய்கறி விற்கும் ஓர் அம்மாவுடையது. அவருடைய கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, தன் பெயரைத் தானே அதில் எழுதிக் கொடுத்தாராம். துணியைக் கட்டி நான்கு நாளில் இறந்துபோனாராம். "அந்த அம்மாவைக் கூப்பிடுகிறேன், வருவார்" என்று சொல்லிவிட்டு வாளியோடு போனார்.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளின் காதருகே போய், "வா, கையக் காட்டணும், கிளினிக்குக்குப் போயிடலாம்" என்றேன். கை ஒரு சாக்கு. அந்த அம்மா வருவதற்குள் ஓடிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போறதுன்னா நீங்க போங்க. நான் இருந்து பாத்துட்டு வரேன்."

வாசல் பலகைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. அவள் கொப்புளித்த உள்ளங்கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பலகையைப் பார்த்தேன். காலையில் நான் படிக்கவிடாத கடைசி வரிகள் கண்ணில் பட்டன. புத்தர் ஞானம் பெற்றது அரச மரத்தடியில். அவருக்குச் சிலை வடிக்காத அந்தக் காலத்தில் இந்த மரத்தையே அவருடைய அடையாளமாக வைத்து வணங்கினார்களாம்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மகள் சொன்னாள், "நாங்க போன தீபாவளிக்கே முடிவு பண்ணிட்டோம்மா. இனி முயற்சி பண்றதா இல்ல. உடம்பும் தாங்கல, மனசும் தாங்கல."

"அப்புறம் எதுக்குடி இவ்ளோ தூரம் காரோட்டிக்கிட்டு வந்த?"

"நீங்க எங்க விட்டீங்க?"

ஒரு மணி நேரம் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. சந்தையிலிருந்து அப்படியே வந்திருந்தார், இடுப்பில் ஈரத் துணி. மரத்தடியில் முழந்தாளிட்டு, மிஞ்சிய துண்டை மடியில் விரித்துத் தடவினார். பெயரில் ஓர் எழுத்தாவது தப்பியிருக்கிறதா என்று தேடினார் போலும். இல்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை. மலாயில் மெதுவாகச் சொன்னார்:

"கொளுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா."

அவர் என்னிடம்தான் சொன்னார். திரும்பினால், வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் அழுதுகொண்டிருந்தாள். இப்போதும் அவள் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், போகிறாள். அவளிடம் எப்போதோ கேட்டிருக்க வேண்டியதைக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.