பெரியப்பாவின் கையெழுத்து

போன வாரம் பெரியம்மா இறந்துபோனார். அன்று மத்தியானமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மரண அறிவித்தல் வந்துவிட்டது. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு சகோதரியும், இன்னாரின் மைத்துனியும் என்று வரிசையாகப் போட்டு, மூலையில் ஒரு குத்துவிளக்கு. வாழ்நாள் முழுக்கச் செம்மண்ணில் நின்று வெங்காயம் செய்த மனுஷி என்று ஒரு வரி இல்லை. 'அன்பு மனைவியும்' என்ற இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த வரியை எடுங்கோ" என்று குழுவில் எழுதினேன். உடனே அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"செத்த வீட்டிலை சண்டை பிடிக்காதை பிள்ளை. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை."

எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். என் கோபமே அதுதான். அந்த அன்பு மனைவியின் கதையில் ஒரு துண்டை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். ஊரிலிருந்து யாராவது வந்தபடியே இருப்பார்கள். பாஸ்போர்ட் எடுக்க, கண் ஒப்பரேஷன் செய்ய, வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையைப் பார்க்க என்று எங்கள் வீட்டு விறாந்தையில் எப்போதும் ஒரு பாய் விரித்தே கிடக்கும். அம்மாவின் மூத்த அக்காவான பெரியம்மா வந்தது ஒரு கையெழுத்துக்காக.

கையெழுத்துப் போடவேண்டியவர் பெரியப்பா. நான் பிறப்பதற்கு வெகு முன்பே வேலைக்கென்று கொழும்புக்கு வந்தவர் அவர். வந்தவர் வந்தவர்தான். கொட்டாஞ்சேனையில் இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது, பிள்ளைகளும் ஆகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. "பெரியப்பாவுக்குக் கொழும்பிலை பிஸ்னஸ்" என்பார்கள். புறக்கோட்டையில் அவருக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது, ஆகவே பொய்யும் இல்லை. நாங்கள் இருந்த வீடே அவருடைய பழக்கத்தில் கிடைத்தது. அதனால் அவர் வந்தால் அப்பா கதிரையை விட்டு எழும்பி நிற்பார்.

பெரியம்மா ஊரில் தனியே இருந்து, தன் தாய் சீதனமாகக் கொடுத்த தோட்டத்தைச் செய்துகொண்டிருந்தார். ஒரு பள்ளி விடுமுறைக்குப் போயிருந்தபோது பார்த்தேன். விடிய முன்னமே பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போய்விடுவார். வெங்காயம் வாங்க வந்த வியாபாரி செருப்போடு வரம்பில் இறங்கியதற்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய் எழும்பி ஓடியது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது, நகைப்பெட்டியை விட்டுவிட்டு விதை வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் என்று அம்மா இன்றைக்கும் குறையாகச் சொல்வார். நகைப்பெட்டியை முளைக்கப் போட்டால் முளைக்குமா என்று அம்மாவைக் கேட்க எனக்கு ஆசை.

அந்த வருடம் பெரியம்மாவின் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. தோட்டத்தில் ஒரு துண்டை விற்றால் கிணற்றை ஆழமாக்கலாம், மிச்சத் தோட்டம் பிழைக்கும். வாங்குவதற்குப் பக்கத்துத் தோட்டக்காரர் தயாராக நின்றார். பெரியம்மாவால்தான் விற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, கல்யாணம் கட்டிய பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்பதென்றாலும் புருஷன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். தாய் கொடுத்த காணியானாலும் அப்படித்தான். அந்தப் புருஷன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், இந்த மனுஷி சாப்பிட்டாளா என்று ஒருநாள் கேட்டிருக்கிறானா என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லை. நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்க ஒரு வழி இருந்ததாம். அதற்கு அப்பா விடவில்லை.

"கோட்டிலை ஏறி, புருஷன் விட்டிட்டுப் போட்டான் எண்டு சொல்லப் போறியளோ? எங்களுக்கு மானம் மரியாதை இல்லையோ?" என்றார்.

விட்டுவிட்டுப் போனவருக்கு மானம் போகவில்லை. விட்டுவிட்டுப் போனார் என்று சொன்னால் மட்டும் எங்களுக்குப் போய்விடுமாம். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு பொறுக்கிச் சேர்த்தது. அன்று நான் விளங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பெரியப்பாவிடம் ஒரு காணி இருக்கிறது, அதைக் கேட்டுப் பெரியம்மா வந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அவருக்கு நண்டுக் குழம்பு விருப்பமென்று அம்மா விடியவே சந்தைக்கு ஓடினார். சமைத்தது பெரியம்மா. வெங்காயத் தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய அந்தக் குரல் எங்கள் குசினியில் எழும்பவே இல்லை. வந்த அன்றே அம்மா சொல்லி வைத்திருந்தார், பிளாட்டில் சத்தமாகக் கதைக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று. அம்மாவின் நைலெக்ஸ் சேலையொன்றைக் கட்டி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு, மேசையருகே நின்று அவருக்குப் பரிமாறினார். தாலிக்கொடி எந்த வறட்சிக்கோ போய்விட்டது. கல்யாணம் கட்டியவர் என்பதற்கு அந்தப் பொட்டு ஒன்றுதான் மிச்சம்.

பெரியப்பா எனக்கு ஒரு பெரிய சொக்லட் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவரை நன்றாகப் பிடித்திருந்தது. நண்டுக் காலை ஒவ்வொன்றாகக் கடித்து உறிஞ்சி, கை கழுவி, பல்லுக்குக் குச்சி கேட்டு வாங்கிக் குத்தி முடித்த பிறகு, அப்பா மெதுவாகக் கடுதாசியை எடுத்து வைத்தார். பெரியப்பா சட்டைப்பையைத் தடவினார்.

"அட, கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். வாசிக்காமல் வைக்கேலாது பாருங்கோ. அடுத்த ஞாயிறு பாப்பம்."

"அதுக்கென்ன அண்ணை, அவசரமே?" என்றார் அப்பா.

அவசரம்தான். கிழமை நடுவில் ஊரிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் போன் எடுத்து, வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகிவிட்டது, வேறு ஆட்களும் தங்கள் காணியைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள் என்றார். பெரியம்மா போனை வைத்துவிட்டு பல்கனியில் போய் நின்றார். எதிரே கடல். "இவ்வளவு தண்ணி, ஒரு பாத்திக்கு உதவாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து தேங்காய் துருவத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா கண்ணாடியோடு வந்தார். திரும்பவும் நண்டு. சாப்பிட்டு முடிந்ததும் "ஒரு கண் அயர்ந்திட்டு வாறன்" என்று அப்பாவின் கட்டிலில் போய்ப் படுத்தார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டது நான்தான். கடுதாசிக்குச் சாட்சி வைக்க இணங்கியிருந்த சட்டத்தரணி எங்களுக்கு மேல் மாடியில் காத்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவை எழுப்ப ஒருவருக்கும் துணிவில்லை. நாலரை தாண்டி எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணியை வாயில் வைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீ, ராகுகாலம் தொடங்கியிட்டுது. காணி விஷயம். இந்த நேரத்திலை கை வைக்கக் கூடாது."

அப்பா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினார். இன்னொரு வீட்டில் இன்னொரு குடும்பம் நடத்த நல்ல நேரம் பார்த்தீர்களா என்று கேட்க அங்கே ஒரு வாய் இருக்கவில்லை. பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் பின்னால் போனேன். அவர் கோப்பையைக் கழுவினார், திரும்பவும் கழுவினார், பிறகும் கழுவினார்.

மூன்றாவது ஞாயிறு பெரியம்மா அம்மாவிடம் சொன்னார்.

"இண்டைக்கு முதல் கையெழுத்து. பிறகு சோறு."

"ஐயோ அக்கா, வீட்டுக்கு வந்த அத்தானை வெறும் வயித்திலை இருத்தி வச்சுக் கேக்கிறதே? என்ன நினைப்பார்?"

கடைசியில் சட்டத்தரணியையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. அவர் எதிரே இருந்து சாப்பிட்டதாலோ என்னவோ, அன்று பெரியப்பா படுக்கப் போகவில்லை. அம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன்பே கடுதாசி மேசைக்கு வந்துவிட்டது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பேனையைப் பிடித்தபடி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"நான் ஒருக்காலும் ஒருத்தருக்கும் குறுக்கை நிண்டவன் இல்லை. அவ கேட்டா, நான் குடுக்கிறன். அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டார். வளைத்துச் சுழித்து, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

"அண்ணைக்குப் பெரிய மனசு" என்றார் அப்பா. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கை தட்டினேன். மாமியார் தன் மகளுக்குக் கொடுத்த காணியை, அந்த மகளே வியர்வை விட்டுக் காப்பாற்றிய காணியை, அதில் ஒரு வெங்காயம் நட்டறியாத மனுஷன் தானம் கொடுத்துவிட்டார். அந்தத் தானத்துக்கு எங்கள் வீட்டில் கண்ணீரும் கைதட்டலும்.

பெரியம்மா சட்டத்தரணியின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இந்தக் காணிக்கு இனி இவரிட்டை ஒருக்காலும் வரத் தேவையில்லையோ?"

"தேவையில்லை அம்மா. நீங்கள் கேட்டமாதிரி எல்லாத் துண்டுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"பாத்துத்தான் சொல்லுறன். இனித் தேவையில்லை."

பெரியம்மா கடுதாசியை வாங்கிப் பார்த்து, சாட்சி வைக்க அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நல்ல வெக்கை, அடுப்படியில் நின்று வந்தவர், வியர்வை துடைக்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விடாமல் அழுத்தித் துடைத்தார். தலைப்பு சிவந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை.

"அக்கா!" என்று அம்மா கத்திய கத்து பக்கத்து வீட்டுக்குக் கட்டாயம் கேட்டிருக்கும். சாமியறைக்கு ஓடிக் குங்குமச் சிமிழோடு வந்தார். "என்ன செய்யிறாய்? அத்தான் உயிரோடை முன்னாலை இருக்கேக்கை! தலையை இஞ்சாலை காட்டு!"

அம்மாவின் விரல் நெற்றிக்குக் கிட்டப் போகும்போது பெரியம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அம்மா இழுத்துப் பார்த்தார். வெங்காயம் கிண்டிய கை அது, அசையவில்லை.

"விடு தங்கச்சி. காணிக்குத்தான் இந்தாளின்ர கையெழுத்து வேணும். என்ர நெத்திக்கு வேண்டாம்."

தோட்டத்துக் குரல் அது. மூன்று கிழமை எங்கள் வீட்டில் கேட்காத குரல். பெரியப்பாவின் கரண்டி வட்டிலப்பத்தில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வாய்க்குப் போனது.

"தோட்டத்திலை நிண்டு நிண்டு மரியாதை மறந்துபோச்சு" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

சட்டத்தரணி கடுதாசியை மடித்துக்கொண்டு மேலே போய்விட்டார். அப்பா குசினிக்குள் வந்து, "என்ர வீட்டிலை வச்சு அந்த மனுசனை அவமானப்படுத்திப் போட்டியள்" என்று பெரியம்மாவை ஏசத் தொடங்கினார். சுமங்கலி அதுவும் இதுவும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெரியம்மா நண்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ வேறு ஒரு பயம். புருஷன் செத்தால்தான் பொட்டை அழிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கீழ் வீட்டு மாமிக்கு அப்படித்தான் நடந்தது. அப்படியென்றால் பெரியப்பாவுக்கு என்னவோ நடக்கப் போகிறது, அது பெரியம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. சொக்லட் கொண்டுவந்த மனுஷன். அவர் மூச்சு விடுகிறாரா என்று கதிரைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புறப்பட்டபோது, படியில் விழுந்துவிடுவார் என்று கையைப் பிடித்தபடி கீழே வரைக்கும் போனேன். ஓட்டோவில் ஏறும்போது கேட்டேன்.

"பெரியப்பா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

அவர் சிரித்துக்கொண்டு என் தலையைத் தடவினார். "எனக்கென்ன குஞ்சு? நான் நூறு வயசுக்கு இருப்பன்."

எனக்கு உயிர் வந்தது. மூன்று மாடியும் ஓடியே ஏறினேன். பெரியம்மா விறாந்தையில் இருந்து தன் உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். விடிய பஸ். அம்மாவும் அப்பாவும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று இருந்தார்கள். நான் மூச்சு வாங்க வாங்க அவர் மடியில் போய் விழுந்தேன்.

"பெரியம்மா, பயப்பிடாதையுங்கோ. பெரியப்பா சாகமாட்டார். நான் கேட்டனான். நூறு வயசுக்கு இருப்பாராம்."

பெரியம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பையைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். புருஷன் சாகமாட்டார் என்ற சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.