தகடுகள் மேல் தேசிக் கொப்பு

சூசைப்பிள்ளையிடம் யாரும் "இந்த வேலை தெரியுமா?" என்று கேட்கக்கூடாது. ஓம் என்றுவிடுவார். லிபெர்த்தா வீதியில் மொனிகா சிஞ்ஞோரா என்ற வெள்ளைக்கார முதலாளியம்மாவின் வீட்டில் பதின்மூன்று வருடம். தரை துடைப்பது முதல் அவருடைய வயதான தகப்பனைக் குளிப்பாட்டுவது வரை, எல்லாம் இப்படி ஓம் போட்டுச் சேர்த்த வேலைகள்தான். அவருடைய கரவன் வண்டிக்குச் சோலார் தகடு பூட்டுவதும் அப்படித்தான் தலையில் விழுந்தது.

ஆனால் இது விளையாட்டில்லை. சனிக்கிழமை சிஞ்ஞோரா தகப்பனைக் கூட்டிக்கொண்டு கரவனில் மதோனியே மலைக்குப் போகிறார். அங்கே மின்சாரம் கிடையாது. கிழவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகமூடி வைத்துக் காற்றுத் தள்ளும் மெசின் விடியும்வரை ஓடவேண்டும். கரவனின் பற்றறி நிறையாவிட்டால் கிழவரின் உயிருக்கு ஆபத்து.

கரவன் நகரத்துக்கு வெளியே, சிஞ்ஞோராவின் தேசித் தோட்டத்தில், எலுமிச்சை மரங்களுக்கு நடுவே நின்றது. சூசைப்பிள்ளை கூரையில் இரண்டு தகடுகளைப் பூட்டி, வயரை இறக்கிப் பற்றறியில் கொடுத்தார். முந்நூறு வாட் வந்தது. ஃபோனில் மின்சார அளவைக் காட்டும் கோடு ஏறுவதைப் பார்த்து மனுசனுக்குப் புளுகம் தாங்கவில்லை.

செவ்வாய் பின்னேரம் அந்தக் கோட்டில் ஒரு பள்ளம் தெரிந்தது. மூன்று மணிக்குப் பூச்சியம். அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்ப ஏறியிருந்தது. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. வயரைத் திட்டினார், தகடு விற்றவனைத் திட்டினார், எல்லா இணைப்பையும் கழற்றி மறுபடி முறுக்கினார். புதன்கிழமையும் அதே மூன்று மணி, அதே பூச்சியம்.

வியாழன் நாலு மணிக்குக் கரவனுக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். இலை வாடாத தேசிக் கொப்புகள் அங்கே அடுக்கிக் கிடந்தன. நுனியெல்லாம் ஒரே பக்கம். மூன்று மணிக்கு எங்கே நின்றேன் என்று யோசித்தார். சாப்பிட்டது ஞாபகம். கை கழுவியது ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. உள்ளங்கையைப் பார்த்தார். முழுக்க முள் கீறியிருந்தது.

கரவனுக்குள்ளே துடைத்துக்கொண்டிருந்த மனைவி புஸ்பவதியைக் கூப்பிட்டார்.

"இஞ்சை ஆரும் வந்தவையோ?"

"இல்லையே."

"அப்ப தகட்டை ஆர் மூடினது?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "என்ன கதைக்கிறியள்? நீங்கள்தானே. வண்டு சத்தம் கேட்டோடனை மேலை ஏறி நிண்டு கையை நீட்டினீங்கள். மூண்டு நாளும் நான்தானே கொப்பு ஒடிச்சு ஒடிச்சுத் தந்தனான். சத்தம் அடங்கினோடனை நீங்களே இறக்கி அடுக்கினீங்கள்."

வன்னியில் போரின் கடைசி மாதங்களில் தலைக்கு மேலே சுற்றிய வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் வண்டு. மினுங்கும் எதுவும் அதன் கண்ணில் படக்கூடாது. பட்டால் பின்னாலேயே ஷெல் வரும். கூடாரத்துக்கு வெளியே கவிழ்த்து வைத்த ஓர் அலுமினியச் சட்டியால்தான் தங்கள் மூத்த மகன் ஷெல்லில் போனான் என்று இருவரும் இன்றும் நம்புகிறார்கள். அதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்னமே இருவரும் கரவனுக்குள் போய்க் கதவைப் பூட்டி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மலைச்சரிவு விடுதிக்காரர்கள் தினமும் அந்த நேரம் படமெடுக்க விடும் ட்ரோன் இரைந்துகொண்டு வந்தது. சூசைப்பிள்ளைக்குக் கால்கள் தானாக எழும்பப் பார்த்தன.

"தகட்டை மூடேல்லை," என்று புஸ்பவதி அழத் தொடங்கினாள். "பிள்ளை வெளியிலை நிக்கிறான். இன்னும் மூடேல்லை."

அவரும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். யன்னலுக்கு அப்பால், தேசி மரத்தடியில், எட்டு வயதில் விட்டபடியே நின்றான். எழும்பிப் போய்த் தகட்டை மூடினால் பற்றறி நிறையாது, கிழவரின் மூச்சு நிற்கும்.

அவர் அவள் கையை விடவில்லை. பற்றறி நிறைந்தது.