வலியுல்லா ஊறப்போட்ட பிரேக் ரப்பர்

அந்த ரமலானில் மீர்சாகிப்பேட்டை வலியுல்லாவுக்கு உடம்பு ரொம்பவே ஓய்ந்துபோயிருந்தது. மயிலாப்பூர் வக்கீல் கருணாகரன் வீட்டுக் காருக்கு அவர்தான் டிரைவர். யுத்த காலம், பெட்ரோல் கிடைப்பதே பெரும்பாடு. இதில் காரின் பிரேக் மிதி வேறு, கால் வைத்தால் தரைவரை இறங்கியது. நாளைக்குள் சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிடப் போவதாக வக்கீல் சொல்லிவிட்டார். வண்டி போனால் டிரைவருக்கு அங்கே என்ன வேலை?

பிரேக் சிலிண்டரைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்து, விடியுமுன் சகர் சாப்பிட்ட கையோடு பிரித்தார். உள்ளே கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர், காய்ந்து சுருங்கியிருந்தது. அதை ஊறப்போட விளக்கெண்ணெய்தான் ஆகும். இஞ்சின் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். புது ரப்பரோ ஊரில் எங்கும் இல்லை. வீட்டில் இரண்டு எண்ணெயும் ஒரே மாதிரி சீசாவில் இருந்தன. எப்போதும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார். அன்று தூக்கக் கலக்கம். பார்க்காமலே ஊறப்போட்டுவிட்டார்.

மத்தியானம் எடுத்தபோது ரப்பர் கொஞ்சம் பருத்த மாதிரி தெரிந்தது. சளியில் மூக்கு அடைத்திருந்ததால் வாசனை பிடிபடவில்லை. நோன்போடு நாக்கில் வைக்க மனசு ஒப்பவில்லை. மனைவி சகினாவும் நோன்பு. கடைசியில் ருசி பார்த்துச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்.

"நோம்பு உனுக்கு, வெளக்கெண்ண எனுக்கா, பாய்?" என்று கேட்டுக்கொண்டே அவள் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். "இது மிஷின் எண்ண."

வலியுல்லா அந்த ரப்பரைச் சிலிண்டருக்குள் தள்ளிப் பார்த்தார். இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. இப்படியே மாட்டினால் நாளைக்கு மிதி கல் மாதிரி நிற்கும். வக்கீல் திருப்திப்படுவார், வேலையும் தங்கும். ஆனால் என்றைக்காவது நடுரோட்டில் பிடித்த பிரேக் விடாமல் போகும். வண்டியில் யார் இருப்பார்களோ, எதிரே யார் வருவார்களோ.

"போய்ச் சொல்லிடுங்க. சோறு குடுக்கறவன் அல்லா," என்றாள் சகினா.

சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தே போனார். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"இந்த வண்டியோட இனிமே என்னாலயும் மல்லுக்கட்ட முடியாது, வலியுல்லா. வித்துடறேன். வாங்க வர்றவங்ககிட்ட பிரேக் விஷயத்த நீயே சொல்லிடு."

"சரிங்க."

ராயப்பேட்டைப் பள்ளிவாசலுக்கு வரும்போது நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். யாரோ கொடுத்த கஞ்சியை நின்றபடியே குடித்தார். நாளைக்கு யாரிடம் போய் வேலை கேட்பது என்று நினைக்கக்கூடத் தெம்பில்லை. உள்ளே போனார். தொழுகை வரிசையில் ஒருவர் சற்று ஒதுங்கி இடம் விட்டார். அங்கே போய் நின்றார்.