மஞ்சள் நாள்

மகளின் யூகேஜி வகுப்பிலிருந்து இந்த வாரத் தகவல் வாட்ஸப்பில் வந்தது. எழுத்து ‘ஊ’, எண் ஒன்பது, வெள்ளிக்கிழமை மஞ்சள் நாள். படித்ததுமே சின்ன வயதில் நாங்கள் இருந்த பாலக்கரை வீட்டின் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த ஈரத்துணியின் மஞ்சள்தூள் வாசனை எனக்கு வந்துவிட்டது.

அப்போது நானும் யூகேஜிதான். என்னிடம் மஞ்சள் உடுப்பு இல்லாததால், அம்மா என் வெள்ளை கவுனை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்தாள். மறுநாள் காலை அதில் காபியைச் சிந்திவிட்டேன். அப்பா அவசரமாகக் கறையில் சோப்பைத் தேய்த்தார். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

“திட்டுத்திட்டா இருக்கறதுக்கு முழுசாவே சிவக்கட்டும்” என்று அம்மா கவுன் முழுக்கச் சோப்பு போட்டாள். அலச நேரமில்லை. அப்படியே பிழிந்து மாட்டிவிட்டாள்.

மஞ்சள் பிள்ளைகளுக்கு நடுவே அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

“அடுத்த வாரம் சிவப்பு நாள். நீ முன்னாடியே வந்துட்ட. வா, உக்காரு.”

அந்த நிம்மதி இன்னும் மிச்சம் இருக்கிறது. மகளிடம் மஞ்சள் கவுன் இரண்டு இருக்கின்றன. இருந்தாலும் அடுத்த வாரம் என்ன நிறம் என்று அவள் டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.